இரண்டாவது பொட்டலம்

அத்தியாயம் ஒன்பது

சிவப்புப் பூ வந்துவிட்டது. முருகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இனிமேல் கந்தம்மாள் படிக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயிலிலிருந்து திரும்பிய எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், கந்தம்மாள் உட்பட.

புதன்கிழமை காலை, மூடுபனி இன்னும் விலகாத நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த கொட்டகையில் நின்றுகொண்டு, மடியில் சொருகி வைத்திருந்த இரண்டாவது பொட்டலத்தை அவள் பிரித்தாள். அதிலும் சிவப்புப் பூ.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான், இந்த வாரம் முதல் தடவையாகப் படிக்கிறவர்களுக்கும் அவள் ஏன் அப்படி விறைத்துப்போய் நின்றாள் என்பது புரியும்.

கந்தம்மாளுக்கு முப்பத்தொன்பது வயது. கோடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதியில் பதினைந்து வருஷம் ஆயாவாக இருந்தவள். அங்கே வந்துபோகிற டாக்டரம்மா ஒருத்தி, காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளை அவள் பார்த்துக்கொண்ட பக்குவத்தைப் பார்த்துவிட்டு, "எட்டாவது மட்டும் பாஸ் பண்ணிவிட்டு வா, உனக்கு மருத்துவச்சிப் பயிற்சிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா சொன்னாளோ என்னவோ, கந்தம்மாள் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவதோடு நின்றவள், மகள் வடிவின் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் மல்லுக்கட்டி, இந்தச் சித்திரையில் பரீட்சை எழுதித் தேறியும் விட்டாள். திண்டுக்கல் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இடமும் கிடைத்தது. ஒன்றரை வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஆள் நேரில் வந்து பேர் பதியாவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். நாற்பது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள் என்பதால் அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. விடுதி வேலையையும் விட்டு நின்றாயிற்று. அவள் இடத்துக்கு வேறு ஆயா வந்துவிட்டாள்.

புருஷன் திருமலைச்சாமி ஆச்சரியமாக ஒரே பேச்சில் சரி என்றார். தகரப் பெட்டிகூட வாங்கிக் கொடுத்தார். அவருடைய அக்கா பாப்பம்மாள்தான், "எதுக்கும் சாமிகிட்ட பூக் கேட்டுக்கிருவோம்" என்றாள்.

கல்யாணமோ, நிலமோ, வீடு மாறுவதோ, எதுவானாலும் பூக் கேட்காமல் தொடங்குகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், இரண்டையும் ஒன்றுபோல வாழை இலையில் மடித்து நாரால் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் விட்டுவிட வேண்டியதுதான். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, அது அப்படியே தண்ணீரில் போக வேண்டும்.

அதை ஏரியில் போட்டுவிட்டு வரச்சொல்லித்தான் பாப்பம்மாள் அவள் கையில் கொடுத்தாள். கந்தம்மாள் ஏரிக்கரை வரைக்கும் போனாள். போட மனசு வரவில்லை. தனக்குக் கிடைக்காமல் போன வெள்ளைப் பூவை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட்டுப் போடலாம் என்ற ஆசை. அந்த ஆசைதான் இப்போது அவள் உள்ளங்கையில் சிவப்பாகக் கிடந்தது.

கோயிலில் பிரித்த பொட்டலத்தில் இருந்தது செவ்வரளி. இது அரளிகூட இல்லை. கசங்கிய காம்பிலிருந்து வந்த வாசனையே சொல்லிவிட்டது, ஜெரேனியம். கோடைக்கானலில் பங்களாவுக்குப் பங்களா ஜன்னலடியில் தொட்டி வைத்து வளர்க்கிற பூ. அதைச் சாமிக்கு வைக்கிறவர்கள் யாரும் இல்லை.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். முருகன் வேண்டாம் என்று சொல்லவே இல்லை! ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை. முருகன் சொல்லவில்லை என்றால் சொன்னது யார்? வீட்டில் இருப்பதே நாலு பேர்.

பொட்டலத்தைப் பழையபடி மடித்து மடியில் சொருகிக்கொண்டு உள்ளே போனாள்.

பாப்பம்மாள் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். வில்பட்டித் தோட்டங்களிலிருந்து காய்கறி எடுத்துக் கடைவீதியில் விற்பவள். விடிந்து போனால் விளக்கு வைக்கத்தான் திரும்புவாள். அவளுக்கு இந்தப் படிப்பில் இஷ்டமா இல்லையா என்று இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

"கந்தம்மா, அந்தப் பொட்டலத்த ஏரியில போட்டுட்டீல்ல?"

"போட்டுட்டேன் மதினி."

"நடுத்தண்ணிக்குப் போச்சா, கரையிலயே ஒதுங்கிக் கெடக்கா?"

"போயிருச்சு."

நேற்றும் இதே கேள்வியைக் கேட்டாள். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டுக்காகப் பூக் கேட்டபோது இப்படித் துருவித் துருவிக் கேட்டாளா? கந்தம்மாளுக்கு ஞாபகம் இல்லை. கேட்கவில்லை என்றுதான் இப்போது தோன்றியது.

திருமலைச்சாமி காப்பியைக் குடித்துக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டிக்கு ஒரு நல்லது தட்டிப்போன மறுநாள் பாட்டு எப்படி வரும்?

"மனசப் போட்டு அலட்டிக்காத புள்ள. சாமி சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும். பெட்டிய வேணா எங்க பங்களா டிரைவர்கிட்ட தள்ளிவிட்டுருவோம். கேட்டுக்கிட்டே இருக்கான்."

"இருக்கட்டுங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?"

வடிவு இட்லியைத் தொடவே இல்லை. "வயிறு சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். பாவம், அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று பிள்ளைக்கு வருத்தம் என்று கந்தம்மாள் நினைத்துக்கொண்டாள். சந்தேகப்படுவதற்கு அவளுக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் போதுமானதாக இருந்தார்கள்.

எல்லோரும் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நேராக ஜலீல் பாய் கடைக்கு நடந்தாள். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி வருகிற பூக்கூடையும் வாழை இலையும் அவர் கடையில்தான் இறங்கும்.

"வாங்க தங்கச்சி. நாளைக்குப் பிரயாணம்தானே? எங்க வீட்ல ஜாஹிதா சொல்லிக்கிட்டே இருக்கா. கந்தம்மா படிச்சு வந்துட்டா ஆம்பள டாக்டர் முன்னாடி போய் நிக்கத் தேவையில்லன்னு."

சிவப்புப் பூ விஷயம் இன்னும் கடைவீதிக்கு வரவில்லை போலும். கந்தம்மாள் அதைப் பிடித்துக்கொள்ளாமல் நழுவினாள்.

"நேத்து எங்க மதினி பூ வாங்குனாங்களே பாய், வெள்ளையும் இருந்துச்சா?"

"இருந்துச்சாவா? நந்தியாவட்டை ஒரு கை, செவ்வரளி ஒரு கை. அரளிய நான் குடுத்தத அப்படியே வாங்கிக்கிட்டாங்க. வெள்ளையத்தான் ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்தாங்க. வாடுனது ஒண்ணுகூட ஆகாதுன்னு ஒரே சண்ட. ஏன் தங்கச்சி, பூ சரியில்லையா?"

"பூ நல்லாத்தான் இருந்துச்சு."

அப்படியானால் வெள்ளைப் பூ வாங்கியது உண்மை. ஏமாற்ற நினைக்கிறவள் வாடாத பூவாகப் பொறுக்குவாளா? அல்லது கடைக்காரன் கண்ணுக்காகப் பொறுக்கினாளா? சந்தேகம் வந்துவிட்டால் நல்ல காரியத்துக்கும் இரண்டு அர்த்தம் தெரிகிறது. மதினியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். ஜெரேனியம் இருப்பது பங்களாவில். பங்களாவில் இருப்பது அவர்.

திருமலைச்சாமி இருபத்திரண்டு வருஷமாக ஒரே பங்களாவில் சமையல்காரர். ரோஸ்ட் என்ன, புட்டிங் என்ன, கிறிஸ்துமஸுக்கு மூன்றடுக்குக் கேக் என்ன, சீசனுக்கு வருகிற துரைமார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவார்கள். அந்தக் கை வீட்டில் ஒரு நாள் சுடுதண்ணீர்கூட வைத்ததில்லை. வீட்டு அடுப்பு பொம்பிளை சமாசாரம், பங்களா அடுப்பு உத்தியோகம்.

பங்களா வராந்தாவில் வரிசையாகத் தொட்டிகள் இருந்தன. கந்தம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். இளஞ்சிவப்பும் வெள்ளையும்தான். அவள் மடியில் இருக்கிற ரத்தச் சிவப்பு ஒன்றுகூட இல்லை.

சமையல்கட்டு வாசலில் அவளைப் பார்த்ததும் திருமலைச்சாமி மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"என்ன புள்ள, இந்நேரத்துல? வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லங்க. இந்தத் தொட்டியில எல்லாம் சிவப்பு கெடையாதா?"

"பங்களா அம்மாவுக்கு ஆகாது. சிவப்பக் கண்டா தல வலிக்குதும்பாங்க. பூவப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்த?"

"வீட்ல சும்மா இருக்க முடியல."

அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. மனுஷன் கெட்டவர் இல்லை. அதனால்தான் வாய் தவறியது.

"போகட்டும் விடு. எனக்கும் ஒரு வகையில இதுதான் நல்லதுன்னு படுது. வடிவு படிப்பும் கெடாமப் போச்சு பாரு."

"வடிவு படிப்பா? அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

திருமலைச்சாமி அவளைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். "கேக்கு அடிப்பிடிக்குது, சோலி கெடக்கு, நீ வெரசா வீடு போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையில் கேக் அடிப்பிடித்ததாக யாரும் சொன்னதில்லை.

கந்தம்மாள் பங்களாப் படியில் இறங்கி நின்றாள். வடிவு படிப்பு எப்படிக் கெடும்? அவள் போய்விட்டால் வீட்டில் சோறாக்க ஆள் வேண்டும். மதினி விடிந்தால் சந்தைக்குப் போகிறவள். இவர் பங்களாவுக்குப் போகிறவர். மீதி யார்?

அவருடைய ஒரே பேச்சு சம்மதத்துக்கு என்ன விலை என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கிடைத்த சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை. அது இப்போது சுருக்கென்று குத்தியது. அந்தக் குத்தலோடு சேர்ந்து இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பொட்டலங்களைக் கட்டியது மதினி. கோயில் வரைக்கும் கூடையைத் தூக்கி வந்தது வடிவு. ஏரி முக்கில், செருப்பில் கல் ஏறிவிட்டது என்று சொல்லி ஒரு நிமிஷம் பின்தங்கியதும் வடிவு.

"சீ, அதுவா? இருக்காது" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். ஆனால் கால் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிவிட்டது.

வடிவு படிக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஜன்னல்களுக்குக் கீழே நீளமாகத் தொட்டிகள் வைத்திருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தொட்டி. தண்ணீர் ஊற்றுவது, களை எடுப்பது எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. தொட்டியின் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் பேர் எழுதியிருக்கும். ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே முப்பது தொட்டிகளில் இருபத்தொன்பது ரத்தச் சிவப்பாகப் பூத்துக் கிடந்தன. ஒரு தொட்டியில் மட்டும் பூ இல்லை. காம்புகள் நகத்தால் கிள்ளிய இடத்தில் கறுத்துப் போயிருந்தன. பேரைப் படிக்கக் கந்தம்மாளுக்கு எட்டாவது படித்திருக்கத் தேவையில்லை. அந்த மூன்று எழுத்தை அவள் மகள் பிறந்த நாளிலிருந்தே அறிவாள்.

இடைவேளை மணி அடித்ததும் வடிவு வெளியே வந்தாள். அம்மா தன் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். ஓடவில்லை. பக்கத்தில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"ஏன்டி?"

வடிவு பாவாடை நுனியைத் திருகினாள்.

"வெள்ளைய என்ன பண்ணுன?"

"ஏரியில போட்டுட்டேன்."

"நீதானடி எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்குடுத்த. நான் தப்பாப் போட்டப்ப எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்குடுத்தியே. ரிசல்ட்டு வந்தப்ப நீதான ஊரெல்லாம் ஓடி ஓடிச் சொன்ன? உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

வடிவு அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோழிகளுக்குத் தெரியாமல் அழுகிற அழுகை.

"ஞாயித்துக்கெழம சந்தையில அத்தைக்குச் சோறு கொண்டுபோனேன். கோசு மூட்டைக்கு அந்தப் பக்கம் அப்பா பேசிக்கிட்டிருந்தாரு. கந்தம்மா போகட்டும், ஆடி பொறந்ததும் வடிவ நிறுத்திக்கிரலாம், பொம்பளப் புள்ளைக்கு ஒன்பதாவது போதும்னு சொன்னாரு."

"அத்த என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பூக் கேட்டுப் பாப்போம்னு மட்டும் சொன்னாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போக மாட்டம்மா. எனக்காக நின்னுருவ. அப்புறம் ஆயுசுக்கும் உன் மூஞ்சியப் பாக்குறப்ப எல்லாம் என்னாலதான்னு எனக்கு இருக்கும். சாமி சொன்னதா இருந்தா யாராலயும் இல்லைல்ல."

கந்தம்மாளுக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அள்ளி அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"சாமிப் பொட்டலத்துல கை வச்சது தப்பு. பெரிய தப்பு. ஆனா இத வேற யாரு கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. போ, மணி அடிக்கப் போகுது."

வீட்டுக்குத் திரும்புகிற ஏற்றம் முழுவதும் அவள் யோசித்துக்கொண்டே நடந்தாள். சும்மா இருந்தால் வெள்ளிக்கிழமையோடு தன் படிப்பு போய்விடும். பூக் கேட்டது செல்லாது என்று சொன்னால், மாற்றியது யார் என்று கேட்பார்கள். வடிவு என்று தெரிந்த அன்றைக்கே திருமலைச்சாமி அவள் பையைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிடுவார். படித்த திமிரு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இரண்டு படிப்பில் ஒன்றுதான் மிஞ்சும் என்பதுபோல் நின்றது கணக்கு.

விளக்கு வைத்ததும் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள். திருமலைச்சாமி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். பாப்பம்மாள் கால் கழுவிவிட்டு வந்து சுவரோரம் சாய்ந்தாள். வடிவு மூலையில் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். பக்கம் புரளவில்லை.

கந்தம்மாள் சோற்றை வைப்பதற்கு முன்னால் வாழை இலைப் பொட்டலத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள்.

"இது என்ன?" என்றார் திருமலைச்சாமி.

"எடுக்காத பொட்டலம். நான் ஏரியில போடல. இதுலயும் சிவப்புதான் இருக்கு."

திருமலைச்சாமி பூவைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார். முகம் கறுத்துவிட்டது. என்ன இருந்தாலும் சாமிக்குப் பயந்த மனுஷன்.

"எவ செஞ்ச வேல இது?" என்று கத்திக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, என்னைய எதுக்குப் பாக்குற? கட்டுனவ நான்தான். என் கண்ணால வெள்ளைய வச்சுத்தான் கட்டுனேன்."

அவர் பார்வை அக்காவை விட்டு மூலைப் பக்கம் நகர்ந்தது. வடிவு புத்தகத்தை மூடிவிட்டு எழப் போனாள். இன்னும் ஒரு நொடி விட்டால் அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.

"நான்தான்" என்றாள் கந்தம்மாள்.

திருமலைச்சாமியின் பார்வை மூலையிலிருந்து அவள் பக்கம் திரும்பியது.

"நான்தான் மாத்துனேன். இந்த வயசுல சின்னப் பொண்ணுகளோட உக்காந்து படிக்கிறத நெனச்சுப் பயமா இருந்துச்சு. போகலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சாமி சொல்லிருச்சுன்னா தப்பிச்சுக்கலாம்னு விடுதிப் பக்கத்துல பூவப் பறிச்சு வச்சேன். நேத்திலருந்து மனசு கெடந்து அறுக்குது."

சொல்லச் சொல்ல அவளுக்கே உடம்பு கூசியது. முருகன் பேரில் ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். ஆனால் நாக்குத் தடுமாறவில்லை.

"சாமிகிட்டயே வெளையாடுறியா?" என்று திருமலைச்சாமி எழுந்தார். "உன்னையெல்லாம்..."

"திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா கேட்டது செல்லாது. நாளைக்கு வெள்ளனே திரும்பக் கேக்கணும். வெள்ளை வந்தா மத்தியானப் பஸ்ஸுக்கு நான் போறேன். அப்புறம், இந்தத் தடவ கேள்விய முழுசாக் கேக்கணும். நான் போறேன், வடிவும் பள்ளிக்கூடத்த விட்டு நிக்காது, அப்படிப் போகலாமான்னு கேக்கணும்."

"வடிவப் பத்தி உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். காலையில பங்களா அடுப்பு முன்னால நின்னு."

திருமலைச்சாமி மறுபடி உட்கார்ந்தார். தணிந்த குரலில், "அப்ப வீட்ல சோறு?" என்றார்.

"ஊருக்கெல்லாம் புட்டிங் கிண்டிப் போடுறீங்க. ஒரு உல வைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் சாப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பீடி பற்ற வைக்கிற சத்தம் கேட்டது. அது சம்மதமா கோபமா என்று கந்தம்மாளுக்குத் தெரியவில்லை. தட்டை எடுக்கக் குனிந்தாள்.

அதற்குள் பாப்பம்மாள் அந்த ஜெரேனியத்தைக் கையில் எடுத்திருந்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு வடிவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, வாசலில் இருக்கிற தம்பிக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"விடுதிப் பூவா இது? தெனம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காய் கொண்டுபோய்ப் போடுறவ நான் கந்தம்மா. மொட்டையா நிக்கிற தொட்டி யாரு தொட்டின்னு இன்னைக்குக் காலையிலயே பாத்துட்டேன்."

கந்தம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். "மதினி..."

பாப்பம்மாள் பூவை இலையில் மடித்து, நாரைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வெரசாப் படு. வெள்ளனே எந்திரிக்கணும்" என்றாள். "நாளைக்கும் பொட்டலம் கட்டப்போறது நான்தான்."